கீழே நூல் சிக்கினால் மேலே பாருங்கள்: தையல் மிஷின் டென்ஷன் கோளாறுக்கு ஒரு முழு வழிகாட்டி

பாபின் கேஸில், அதாவது கீழ் நூல் சுற்றிய பாபினைப் போட்டு வைக்கிற உலோகக் கூட்டில் இருக்கிற அந்தக் குட்டி ஸ்க்ரூவை இப்போதைக்குத் தொடாதீர்கள். தையல் சரியாக விழவில்லை என்றதும் நிறையப் பேருக்குக் கை முதலில் போகிற இடம் அதுதான். நான் தையல் வகுப்பு எடுக்கிற இத்தனை வருடத்தில் என்னிடம் வந்த கோளாறுகளில், அந்த ஸ்க்ரூ தானாகக் கெட்டதால் வந்தவை மிகக் குறைவு. அதைத் தேவையில்லாமல் திருகியதால் வந்தவைதான் ஏராளம்.

வீட்டில் இருக்கிற கறுப்பு மிஷினை, அதாவது காலால் மிதித்தோ சின்ன மோட்டார் வைத்தோ ஓட்டுகிற நேர்த்தையல் மிஷினை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சீராகக் கொடுத்தது, அரசு இலவசத் திட்டத்தில் கிடைத்தது, பாட்டி காலத்துப் பழையது என்று நம் ஊர் வீடுகளில் அதிகம் இருப்பது அதுதான். புதிய பிளாஸ்டிக் மிஷினுக்கும் பவர் மிஷினுக்கும் அடிப்படை ஒன்றுதான். மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில், டென்ஷன் என்றால் என்ன?

நம் மிஷின் இரண்டு நூலில் தைக்கிறது. ஊசியோடு இறங்குகிற மேல் நூலை, கீழே இருக்கிற கூர்முனைக் கொக்கியான ஷட்டில் பிடித்து, பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுபோய், கீழ் நூலோடு பின்னிவிடுகிறது. 1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய மிஷின் தைத்ததும் இந்த இரட்டை நூல் தையலைத்தான். இரண்டு நூலும் பின்னிக்கொள்கிற அந்த முடிச்சு, துணியின் மேலும் தெரியக்கூடாது, கீழும் தெரியக்கூடாது. துணியின் கனத்துக்குள்ளே நடுவில் உட்கார வேண்டும்.

கயிறு இழுக்கும் போட்டி மாதிரிதான் இது. மேலே டென்ஷன் தட்டுகள், அதாவது நூலை நடுவில் வைத்து அமுக்குகிற இரண்டு குட்டி வட்டத் தட்டுகள், நூலை ஒரு பக்கம் பிடித்து இழுக்கின்றன. கீழே பாபின் கேஸின் தகட்டு ஸ்பிரிங் இன்னொரு பக்கம் இழுக்கிறது. யார் பலமாக இழுக்கிறார்களோ அந்தப் பக்கம் முடிச்சு போய்விடும். அதனால் மேல் நூல் லூஸாக இருந்தால் கோளாறு துணியின் கீழ்ப்பக்கம் தெரியும். கீழே கூளமாக நூல் கட்டிக்கொண்டால் பழி பாபினுக்குப் போகிறது, ஆனால் குற்றம் பெரும்பாலும் மேல் நூலில் இருக்கிறது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

இரண்டு நிறம் போட்டுத் தைத்துப் பாருங்கள்

ஒரே நிற நூலை மேலும் கீழும் போட்டுக்கொண்டு எந்த நூல் எங்கே வருகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். மேலே சிவப்பு, கீழே வெள்ளை போடுங்கள். இரண்டும் ஒரே ரக நூலாக, ஒரே கனத்தில் இருக்கட்டும். நீங்கள் தைக்கப்போகிற துணியிலேயே ஒரு துண்டை எடுத்து இரண்டாக மடித்து ஒரு சாண் நீளத்துக்குத் தையுங்கள். அப்புறம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

துணியின் கீழ்ப்பக்கம் சிவப்புப் புள்ளிகளோ வளையங்களோ தெரிந்தால் மேல் நூல் லூஸ். வெள்ளை நூல் நேர்க்கோடு மாதிரி படுத்துக்கிடந்து, அதன்மேல் சிவப்பு சுற்றிச் சுற்றி வந்திருந்தால் ரொம்பவே லூஸ். அந்த வெள்ளை நூலை அப்படியே உருவி எடுத்துவிடலாம். துணியின் மேல்பக்கம் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் மேல் நூல் டைட், அல்லது கீழ் நூல் லூஸ். இரண்டு பக்கமும் புள்ளி இல்லை, ஆனால் துணி சுருங்குகிறது என்றால் இரண்டு நூலுமே டைட்டாக இருக்கலாம். தைத்த இரண்டு துண்டையும் பிரித்து இழுக்கும்போது தையல் பல்லை இளித்தால் இரண்டுமே லூஸ்.

இன்னொரு சோதனையும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. துணியை மூலைவாட்டமாக, கிராஸில் மடித்து, அந்தக் கிராஸிலேயே தையுங்கள். தையலின் இரு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். சிவப்பு மட்டும் அறுந்தால் மேலே டைட். வெள்ளை மட்டும் அறுந்தால் கீழே டைட். இரண்டும் ஒன்றாக அறுந்தாலோ, அறவே அறாமல் துணியோடு சேர்ந்து நீண்டுகொடுத்தாலோ இழுப்பு சமமாக இருக்கிறது என்று அர்த்தம்.

கோளாறு எது என்று தெரிந்துவிட்டதே என்று உடனே திருகப் போகாதீர்கள். கீழே உள்ள வரிசையில் போங்கள். சுலபமானதும் காசு செலவில்லாததும்தான் முதலில் வருகிறது.

படி 1: மேல் நூலை முழுசாக எடுத்துவிட்டுத் திரும்பக் கோருங்கள்

போன வருடம் ஒரு மாணவி ஆட்டோவில் மிஷினை ஏற்றிக்கொண்டே வந்துவிட்டாள். "அக்கா, கீழ் நூல் முழுக்கச் சிக்குது. பாபின் கேஸ் புதுசு வாங்கிப் போட்டேன், ஷட்டிலும் மாத்தியாச்சு, அப்பவும் அப்படியேதான் இருக்கு" என்றாள். தைத்துக் காட்டச் சொன்னேன். கீழே ஒரு கைப்பிடி நூல் சிண்டும் சிக்குமாக வந்தது. நான் எதையும் கழற்றவில்லை. மேல் நூலை உருவி எடுத்தேன், துணியை அமுக்கிப் பிடிக்கிற மிஷின் பாதத்தைத் தூக்கினேன், திரும்பக் கோத்தேன். தையல் முத்து முத்தாக விழுந்தது. அவள் முகத்தில் சந்தோஷத்தைவிட, வீணாகச் செலவான காசை நினைத்த வருத்தம்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். நூல் போகிற இரண்டு டென்ஷன் தட்டும், பாதம் இறங்கியிருக்கும்போது இறுக்கமாக மூடியிருக்கும். பாதத்தைத் தூக்கினால்தான் திறக்கும். அவள் பாதத்தை இறக்கி வைத்தே நூல் கோத்துப் பழகியிருந்தாள். நூல் தட்டுகளுக்கு நடுவில் போகாமல் விளிம்பில் சும்மா படுத்திருந்தது. மேலே பிடிப்பே இல்லாத நூலை ஷட்டில் இழுத்த மட்டும் இழுத்துக் கீழே குவித்துவிட்டது.

ஆக, முறை இது. கை சக்கரத்தைச் சுற்றி, ஏறி இறங்குகிற டேக்கப் லிவரை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். பாதத்தைத் தூக்குங்கள். நூல் கண்டிலிருந்து ஒவ்வொரு கொக்கியாக வாருங்கள். தட்டுகளுக்கு நடுவில் நூலை விட்டு, கண்டுப் பக்கத்து நூலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் லேசாக இழுத்து, உள்ளே உட்கார வையுங்கள். தட்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய வளைந்த கம்பி ஸ்பிரிங் இருக்கும். நூல் அதையும் கட்டாயம் பிடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் கீழே குட்டிக் குட்டி வளையங்களாக வரும். பிறகு டேக்கப் லிவரின் துளை, அப்புறம் ஊசிக்குப் போகும் கொக்கிகள், கடைசியில் ஊசி.

கோத்ததும் ஐந்து நொடிச் சோதனை ஒன்று செய்யுங்கள். பாதம் மேலே இருக்கும்போது ஊசிக்குப் பக்கத்தில் நூலை இழுத்தால் தாராளமாக வர வேண்டும். பாதத்தை இறக்கிவிட்டு இழுத்தால் பிடித்து நிறுத்த வேண்டும். இரண்டு நேரமும் தாராளமாக வந்தால் நூல் தட்டுக்குள் இல்லை. இரண்டு நேரமும் பிடித்தால் நூல் வேறெங்கோ சிக்கியிருக்கிறது. கண்டு மாட்டுகிற கம்பியின் அடியில் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய மிஷின் சிலவற்றில் பாதத்தைத் தூக்கினாலும் தட்டு திறக்காது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படி 2: ஊசி

ஊசி உடைகிற வரைக்கும் ஒரே ஊசியில் தைப்பது நம் பழக்கம். டென்ஷன் என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிற பாதிச் சங்கடம் இங்கே இருக்கிறது. எட்டுப் பத்து மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். முனையை நகத்தின்மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கீறினால் முனை மடங்கியிருக்கிறது. தைக்கும்போது துணியில் டக் டக்கென்று சத்தம் வந்தாலும் முனை மழுங்கிவிட்டது என்றே அர்த்தம்.

நம்பரும் முக்கியம். பட்டு, ஜார்ஜெட் போன்ற மெல்லியவற்றுக்கு 9 அல்லது 11. சாதாரண காட்டன் ஜாக்கெட் துணிக்கு 14. கெட்டி காட்டனுக்கும் பேன்ட் துணிக்கும் 16. ஜீன்ஸ், பைத் துணிக்கு 18. மெல்லிய ஊசியில் தடித்த நூலைக் கோத்தால் நூல் காதில் உரசி இறுகும். டென்ஷனை எவ்வளவு குறைத்தாலும் டைட்டாகத்தான் விழும்.

ஊசி மாட்டும் பக்கம் தவறினால் தையல் விட்டு விட்டு விழும், அல்லது விழவே விழாது. ஊசியை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் மேலிருந்து காது வரைக்கும் நீள வரிப்பள்ளம் ஓடும். மறுபக்கம் காதுக்கு மேலே குட்டியாக ஒரு குழிவு இருக்கும். நூல் நுழைய வேண்டியது நீளப் பள்ளம் இருக்கிற பக்கத்திலிருந்து. குழிவு ஷட்டிலின் முனையைப் பார்த்து இருக்க வேண்டும். வீட்டு மிஷின் ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருப்பதால் மாற்றி மாட்டுவது கடினம். பவர் மிஷின் ஊசியின் தலை உருண்டை, எப்படி வேண்டுமானாலும் திரும்பும். அதில் நீளப் பள்ளத்தை நேராக இடப்பக்கம் வைத்து, நூலை இடமிருந்து வலமாகக் கோருங்கள். இரண்டு ரக ஊசியையும் ஒன்றில் ஒன்று மாற்றிப் போடக்கூடாது. ஊசியை மேலே முட்டும் வரை தள்ளிவிட்டுத்தான் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும்.

படி 3: நூல்

வெயில் படுகிற ஜன்னலோரத்தில் மாதக்கணக்கில் கிடந்த நூலை நம்பாதீர்கள். ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் அது கை வேலைக்குக்கூட ஆகாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மலிவு நூலில் அங்கங்கே முடிச்சும் திப்பியும் தெரியும். அந்தத் திப்பி தட்டுக்குள் போகும்போதெல்லாம் இழுப்பு மாறும். ஒரு சாண் நன்றாகத் தைத்து, அடுத்த சாண் கெட்டுப்போய், திரும்பவும் நன்றாக வருகிறதென்றால் முதலில் நூலைச் சந்தேகப்படுங்கள்.

படி 4: பாபின்

பாபினில் நூல் சுற்றும்போது, மிஷின் மேடையின் வலப்பக்கம் இருக்கிற குட்டித் தட்டு வழியாக நூல் போக வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிட்டு விரலால் பிடித்துச் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர். பாபின் ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் சுற்றியிருந்தால், அமுக்கும்போது பஞ்சு மாதிரி அமுங்கினால், தைக்கும்போது கீழ் நூல் ஒரு சமயம் தாராளமாகவும் ஒரு சமயம் இறுகியும் வரும். எந்த ஸ்க்ரூவாலும் இதைச் சரி பண்ண முடியாது. உருவிவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். விளிம்புக்கு மேலே பிதுங்கும்படியும் சுற்றாதீர்கள்.

பாபினைக் கேஸில் போடும்போது திசை முக்கியம். நூல் பாபினிலிருந்து வந்து, கேஸின் வெட்டில் நுழைகிற இடத்தில் திசை திரும்பி மடங்கிப் போக வேண்டும். திரும்பாமல் வந்த போக்கிலேயே போனால், தைக்கிற வேகத்தில் ஸ்பிரிங்குக்கு அடியிலிருந்து நழுவிவிடும். துருப்பிடித்த, விளிம்பு நசுங்கிய பாபினைத் தூக்கிப் போடுங்கள். பழைய பாபினைச் சேர்த்து வைப்பதில் மிச்சமாவது ஒன்றும் இல்லை.

படி 5: சுத்தம்

ஊசி இறங்குகிற துளை உள்ள ஊசித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். துணியை நகர்த்துகிற பல்லுக்கு நடுவிலும் ஷட்டில் ஓடுகிற பாதையிலும் நூல் தூசி அடைந்து நமத்துப்போன பஞ்சு மாதிரி இருக்கும். பழைய டூத் பிரஷ் போதும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் துருப்பிடிக்கும்.

பாபின் கேஸின் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டின் மூலையைச் செருகி, நூல் போகிற பாதையில் இழுங்கள். ஒரே ஓர் இழை பஞ்சு அங்கே மாட்டியிருந்தால்கூட ஸ்பிரிங் தூக்கிக்கொண்டு நிற்கும், கீழ் நூல் லூஸாகிவிடும். மேல் தட்டுகளுக்கு, பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டு, மெல்லிய காட்டன் துணியின் மடிப்பை நடுவில் விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். முதல் இழுப்பிலேயே துணி கறுத்துப்போவதைப் பார்ப்பீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மார்கழிக் குளிரில் அது உறையும். உறையாவிட்டாலும் நாளடைவில் பிசினாகி ஷட்டிலைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஆகியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஓட்டி, பிசினைக் கரைத்துத் துடைத்துவிட்டு மிஷின் எண்ணெய் விடுங்கள். டென்ஷன் தட்டுகளுக்கு எந்த எண்ணெயும் கூடாது.

படி 6: மேல் டென்ஷன் திருகு

இவ்வளவும் செய்த பிறகு திரும்ப இரண்டு நிறத்தில் தைத்துப் பாருங்கள். அநேகமாகச் சரியாகியிருக்கும். ஆகவில்லை என்றால் இப்போது டென்ஷன் தட்டுகளுக்கு முன்னால் இருக்கிற திருகைத் தொடலாம்.

பாதத்தை இறக்கி வைத்துவிட்டுத் திருப்புங்கள். வலப்பக்கம் சுற்றினால் இறுகும், இடப்பக்கம் சுற்றினால் தளரும். எண் போட்ட மிஷினாக இருந்தால் 4இல் வைத்து ஆரம்பியுங்கள். எண் இல்லாத கறுப்பு மிஷினில், திருப்புவதற்கு முன் திருகின்மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். கால் சுற்று, ஒரு சாண் தையல், புரட்டிப் பார்ப்பது. திரும்பக் கால் சுற்று. சிவப்புப் புள்ளி கீழே மறைகிற வரைக்கும் இறுக்குங்கள். வெள்ளைப் புள்ளி மேலே வர ஆரம்பித்தால் தாண்டிவிட்டீர்கள், கொஞ்சம் பின்வாங்குங்கள்.

திருகு கடைசி வரைக்கும் போயும் நூலைப் பிடிக்கவில்லை என்றால் தட்டில் கோளாறு. வருடக்கணக்காக நூல் ஒரே இடத்தில் ஓடி, தட்டில் கோடு விழுந்திருக்கலாம். உள்ளே துரு இருக்கலாம். ஸ்பிரிங் களைத்திருக்கலாம்.

படி 7: இப்போது அந்தக் குட்டி ஸ்க்ரூ

மேல் திருகால் எவ்வளவு செய்தும் சமம் வரவில்லை என்றால் மட்டும் இங்கே வாருங்கள். முதலில் தொங்கல் சோதனை. பாபினைக் கேஸில் போட்டு, நூலை ஸ்பிரிங்குக்கு அடியில் கொண்டுவந்து, நூல் முனையைப் பிடித்துக் கேஸைத் தொங்க விடுங்கள். கீழே மெத்தென்று மறு உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் தானாகச் சரிந்து விழக்கூடாது. கையை லேசாக ஒரு வெட்டு வெட்டினால் ஓரிரண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். தடதடவென்று இறங்கினால் லூஸ். வெட்டினாலும் அசையாமல் நின்றால் டைட்.

பெரும்பாலான கேஸில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஓரத்தில் இருக்கிற சின்னது ஸ்பிரிங்கைப் பிடித்து வைப்பதற்கு. சற்றுப் பெரியதுதான் டென்ஷனுக்கு. ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வைத்துத்தான் திருப்புங்கள். தரையில் உருண்டால் அந்த ஸ்க்ரூ திரும்பக் கிடைக்காது. திருப்புகிற அளவு, கடிகாரத்தின் பெரிய முள் ஐந்து நிமிடம் நகர்கிற அளவு. அவ்வளவுதான். திரும்பத் தொங்க விட்டுப் பாருங்கள். வேண்டுமானால் இன்னொரு ஐந்து நிமிடம். ஸ்பிரிங் தகட்டில் நூல் ஓடி வாய்க்கால் வெட்டியிருந்தால் ஸ்க்ரூவோடு போராடாமல் புதுக் கேஸ் வாங்கிவிடுங்கள்.

தடித்த நூலும் எம்ப்ராய்டரி வேலையும் அடிக்கடி செய்கிறவர்கள் தனியாக இரண்டாவது கேஸ் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. அதில் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிட்டால் மாறாது.

துணிக்குத் துணி

காட்டன் லைனிங் கொடுத்த பட்டு ஜாக்கெட்டில் தையல் சுருக்கம் வருகிறது என்று கேட்காதவர் இல்லை. இதற்கு இரண்டு டென்ஷனையும் கொஞ்சம் தளர்த்தி, 11ஆம் நம்பர் ஊசி போட்டு, தையல் நீளத்தை ஒரு பிடி கூட்டி, துணியை முன்னும் பின்னும் லேசாகப் பிடித்துக்கொடுத்துத் தையுங்கள். இழுக்கக்கூடாது, இழுத்தால் ஊசி வளைந்து ஊசித்தட்டில் இடிக்கும்.

பனியன் துணியில் நேர்த்தையல் போட்டால், போடும்போது நன்றாக இருந்து, தலையில் மாட்டும்போது படபடவென்று அறும். டென்ஷனை நன்றாகத் தளர்த்தி, முனை உருண்டையான பால்பாயின்ட் ஊசி போடுங்கள். ஜரிகை நூலை மேலே போட்டால் டென்ஷனைப் பாதிக்குக் குறைத்து, ஊசியை ஒரு நம்பர் பெரிதாக்குங்கள்.

ஆரம்பத்தில் மட்டும் கீழே கொத்தாக நூல் கட்டி, அப்புறம் தையல் சுத்தமாக வந்தால் அது டென்ஷன் கோளாறே இல்லை. இரண்டு நூலையும் பாதத்துக்கு அடியில் பின்பக்கமாக நான்கு விரற்கடை விட்டு, முதல் மூன்று நான்கு தையலுக்குக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மிதிக்கிற மிஷினில் சக்கரம் ஆரம்பத்தில் ஒரு கணம் எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டாலும் இதே சிக்கு வரும். கை சக்கரத்தை உங்களை நோக்கிச் சுற்றிவிட்டு அப்புறம் மிதியுங்கள்.

தட்டுகளைக் கழற்ற வேண்டி வந்தால்

பயப்பட வேண்டாம், ஆனால் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். திருகைக் கழற்றினால் கூம்பு மாதிரி ஒரு ஸ்பிரிங் வரும். அடுத்து நடுவில் குறுக்குப்பட்டை உள்ள ஒரு வளையம். அதற்கடுத்து இரண்டு தட்டு. வருகிற வரிசையிலேயே இடமிருந்து வலமாக ஒரு துணிமேல் வையுங்கள். தட்டு இரண்டும் சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். மாட்டும்போது அவற்றின் முதுகுகள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். நூல் ஓடுவது அந்த இரண்டு முதுகுக்கும் நடுவில். கிண்ணத்தைத் திருப்பி மாட்டினால் நூல் பிடிபடாது. நடுத்தண்டின் ஓட்டைக்குள் ஒரு குட்டி ஊசி மாதிரிக் கம்பி இருக்கும். பாதத்தைத் தூக்கும்போது தட்டுகளைத் திறந்துவிடுவது அதுதான். தூக்கினாலும் தட்டு திறக்காத பழைய மிஷின்களில் பெரும்பாலும் அந்தக் கம்பி எப்போதோ விழுந்து தொலைந்திருக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டென்ஷன் செட் முழுசாகவே கிடைக்கும்.

மெக்கானிக்கிடம் எப்போது?

ஊசி ஒருமுறை ஊசித்தட்டில் அடித்து முறிந்த பிறகு நூல் அறுந்துகொண்டே இருந்தால், ஊசித்தட்டின் துளையையும் ஷட்டிலின் முனையையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் நைஸ் எமரி தாளால் மெதுவாகத் தேய்த்து நீங்களே சரி செய்யலாம். முனையே உடைந்திருந்தால் ஷட்டிலை மாற்ற வேண்டும். புது ஊசி, நல்ல நூல், சரியான கோர்ப்பு, சுத்தமான பாதை எல்லாம் இருந்தும் தையல் விட்டு விட்டு விழுந்தால், ஊசி இறங்குவதும் ஷட்டில் முனை வருவதும் நேரம் தவறுகிறது. அதை வீட்டில் தொட வேண்டாம்.

மெக்கானிக்கிடம் போகும்போது "மிஷின் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். சிவப்பும் வெள்ளையும் போட்டுத் தைத்த அந்தத் துண்டுத் துணியையும், அதைத் தைத்த நூலையும், ஊசியையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். கடையில் அவர் தன் நூலைப் போட்டுத் தைத்துக் காட்டினால், உங்கள் நூலையும் போட்டு ஒருமுறை தைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.